வானுக்குப் பூசை செய்த நாள்

அண்ணா, இதில் எல்லாவற்றையும் உண்மையாக எழுதுவேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்பா சொல்லச் சொல்ல எழுதுபவள் நான். மரக்கறிப் பெட்டி இறக்கும்போது மழையில் வழுக்கி விழுந்து அவருடைய வலது மணிக்கட்டு முறிந்து மூன்று கிழமை ஆகிறது. கட்டுப் போட்ட கையால் பேனை பிடிக்க முடியாது. தொலைபேசியில் சொல்லலாமே என்று கேட்டேன். "போனிலை அவன் 'சரியப்பா' எண்டுபோட்டு வைச்சிடுவான். கடிதமெண்டால் கடைசிவரைக்கும் வாசிப்பான்" என்றார். ஆகவே இனி 'நான்' என்று வருவதெல்லாம் அப்பா. அவர் பேசுவதைச் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் படித்த எழுத்துத் தமிழில் எழுதுகிறேன். ஆட்கள் ஒருவரோடொருவர் பேசியதை மட்டும் பேசியபடியே விடுகிறேன். எனக்கு ஏதாவது சொல்ல இருந்தால் அடைப்புக்குறிக்குள் சொல்வேன். நாங்கள் பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் மயில் மாமாவின் பலசரக்குக் கடைப் பின்னறையில் அரிசி மூட்டைகளின்மேல் இருக்கிறோம். ஐந்தரை மணி, வெளியே இருட்டிவிட்டது. அப்பா தொண்டையைச் செருமுகிறார்.

தம்பி,

வருகிற வெள்ளிக்கிழமை நீ வேலையை விடும் கடிதத்தைக் கொடுக்கப்போகிறாய் என்று எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை நீ லியோனிலிருந்து அம்மாவோடு பேசியபோது அவள் கைத்தொலைபேசியை மேசையில் வைத்துச் சத்தமாக விட்டிருந்தாள். நான் எதிரில் இருந்து இடது கையில் கரண்டி பிடித்துப் புட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். நீ சொன்னது முழுவதும் கேட்டது. "அம்மா, இந்த நாடு இண்டைக்கு ஒண்டு சொல்லும், நாளைக்கு அதையே அழிக்கும். அப்பாவின்ர வான் விண்ணப்பத் தொசியேயைக்கூட அவங்கள் தள்ளிவிட்டிட்டாங்கள். சொந்தத் தகப்பனுக்கு ஒரு வான் எடுத்துக் குடுக்க ஏலாத நான், தெரியாத கடைக்காரருக்கு என்னத்தைச் சொல்லுறது?" என்றாய். அம்மா என்னைப் பார்த்தாள். நான் புட்டைப் பார்த்தேன். இரண்டு நாளாக அந்த வசனம் என்னை விடவில்லை. அதில் ஒரு பகுதி பொய். பொய் சொன்னவன் நீ இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம், ஆனால் அதற்கு நான் கொஞ்சம் சுற்றித்தான் வரவேண்டும். நேரே போனால் வாய் வராது.

இரண்டு வருடமாக நீ செய்கிற வேலையை நான் ஒருநாளும் ஒழுங்காக விசாரிக்கவில்லை. யாராவது கேட்டால், "கொம்பியூட்டர் வேலை" என்று சொல்லிவிடுவேன். உன் அலுவலகம் சிறு கடைக்காரர், மேசன்மார், சந்தை வியாபாரிகள் ஆகியோருடைய பழைய டீசல் வாகனங்களை மாற்றி, மின்சார வாகனம் எடுக்க அரசின் உதவி பெற்றுக்கொடுக்கும் அலுவலகம் என்பதும், நீ ஒவ்வொருவரின் கடையிலும் போய் இருந்து அவர்களுடைய கடதாசிகளை அடுக்கிக் கொடுக்கிறாய் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்தும் சொல்லவில்லை. மரக்கறி வான்காரனின் மகன், வான்களை நிறுத்துகிற வேலை செய்கிறான் என்று லா சப்பலில் ஒருவரும் சொல்லிவிடக் கூடாதென்று பயந்தேன். அவர்களுக்கு முதலே தெரிந்திருந்தது என்பது வேறு விஷயம்.

என்னுடைய கோபத்துக்கும் ஒரு நியாயம் இருந்தது, அதையும் நீ கேட்கவேண்டும். அந்த வெள்ளை வானை வாங்கும்போது உனக்கு எட்டு வயது. விற்றவன், வங்கிக்காரன், சக சாரதிகள் எல்லாரும் ஒரே சொல்லாகச் சொன்னார்கள்: டீசல் எடு. பெற்றோல் விலையைவிட டீசல் விலையைக் குறைவாக வைத்திருந்ததே இந்த அரசுதான். நாடே அதைத்தான் ஓட்டியது. நானும் நல்ல குடிமகனாக டீசல் வாங்கினேன். நீ முன்னிருக்கையில் ஏறியிருந்து கதவுக் கண்ணாடியை ஏற்றி இறக்கி விளையாடினாய். பத்து வருடம் கழிய அதே அரசு, டீசல் நஞ்சு என்றது. நான் ஒன்றும் மாறவில்லை தம்பி, வானும் மாறவில்லை. சொல்லுகிறவர்கள்தான் மாறினார்கள். அதை நீ என்னிடம் எடுத்துச் சொன்னபோது எனக்கு நீ அவர்களில் ஒருவனாகத் தெரிந்தாய்.

லே பூர்ஜேயில் உலகத் தலைவர்கள் எல்லாம் கூடிக் காலநிலை பற்றிப் பேசிய அந்தக் கிழமை நினைவிருக்கிறதா? நீ பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாய். நெடுஞ்சாலையை மூடிவிட்டார்கள். முருங்கைக்காயும் கொத்தமல்லியும் பின்னால் வாட, நான் சின்னச் சின்ன வீதிகளுக்குள் புகுந்து புகுந்து மாலைவரை அலைந்தேன். வில்லியே லே பெல்லில் வீட்டுக்கு வந்தால் நீ தொலைக்காட்சிக்கு முன்னால் நின்று, "அப்பா, எல்லா நாடும் கையெழுத்து வைக்கப்போகுதாம், எங்கடை வீட்டுக்குப் பக்கத்திலை" என்றாய். உன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அதற்கு முன் நான் கண்டதில்லை. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அவங்கள் கையெழுத்து வைச்சால் என்ர கொத்தமல்லி உயிர் பெறுமோ?" என்றேன். நீ சத்தத்தைக் குறைத்துவிட்டு அறைக்குள் போனாய். இன்று நினைக்கிறேன், நீ எந்தப் படிப்புப் படிப்பதென்று முடிவெடுத்தது அந்த மாலைதான். நான் அதில் சொன்ன ஒரே சொல் கொத்தமல்லி.

(அண்ணா, இது நான். அப்போது எனக்கு ஆறு வயது. வாடிய கொத்தமல்லியை அம்மா மூன்று நாள் சம்பலாக அரைத்தது மட்டும் எனக்கு நினைவிருக்கிறது. அப்பா "அதை எழுதாதை" என்கிறார். எழுதிவிட்டேன்.)

பிறகு வாகனம் எவ்வளவு புகை விடும் என்று காட்டுகிற அந்த வட்ட ஸ்டிக்கர் வந்தது. முன்கண்ணாடியில் ஒட்டவேண்டும். என்னுடையது தோடம்பழச் செம்மஞ்சள் நிறம், நடுவில் மூன்று என்ற எண். இந்த வருடத் தொடக்கத்தில் இருந்து அந்த நிறக்காரர்கள் வேலைநாட்களில் காலை எட்டு மணி முதல் இரவு எட்டு மணிவரை பாரிஸுக்குள்ளும் பக்கத்து ஊர்களுக்குள்ளும் ஓட்டக்கூடாது என்றார்கள். ஆகவே மொத்தச் சந்தையில் சரக்கு எடுத்துக்கொண்டு விடியமுதல் லா சப்பலுக்கு வந்து, பூட்டிய கடைகளுக்கு முன்னால் பெட்டிகளை இறக்கிவிட்டு, எட்டு அடிக்கமுதல் கள்ளனைப்போல வெளியே ஓடினேன். மயில் எனக்காக நித்திரை முறித்து வந்து நிற்பான். "அண்ணை, நீங்கள் மரக்கறி கொண்டு வாறியளோ, கஞ்சா கொண்டு வாறியளோ?" என்பான். இருபத்தைந்து வருடம் ஓடிய வீதியில் நான் ஒளித்து ஓடவேண்டி வந்தது. நீதான் அப்போது ஒரு வழி கொண்டுவந்தாய். மூன்று கடைகள் சேர்ந்து ஒரு மின்சார வானைப் பாவிக்கலாம், அதற்கு உதவி உண்டு என்றாய். நாலு ஞாயிற்றுக்கிழமை எங்கள் சாப்பாட்டு மேசையில் இருந்து, என்னுடைய கடதாசிகளையும் மயிலுடைய கடதாசிகளையும் ஒழுங்குபடுத்தி, அந்தப் படிவத்தை நிரப்பினாய். நான் எதிரில் இருந்து கிரிக்கெட் பார்த்தேன். கையெழுத்து வைக்கச் சொன்ன இடங்களில் தாளைப் பார்க்காமலே வைத்தேன். என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு கேள்வி கேட்கவில்லை.

கோடைக்கு முன் ஒருநாள் பாராளுமன்றத்தில் வாக்கெடுத்து, பழைய வாகனங்களைத் தடுக்கிற இந்த வலயங்களை எல்லாம் நீக்குவதென்று முடிவாயிற்று என்று செய்தி வந்தது. அன்று லா சப்பலில் சாரதிமார் செய்ததை நீயும் பார்த்தாய். ஆனால் அது எப்படித் தொடங்கியது என்று உனக்குத் தெரியாது. தொடங்கியது நான். மயிலின் கடையில் இருந்து கற்பூரமும் தேசிக்காயும் தேங்காயும் நானே எடுத்தேன். பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் வானை நிறுத்தி, நெற்றிக்குச் சந்தனம் குங்குமம் வைப்பதுபோல முன்பக்கத்தில் வைத்து, தோடம்பழ நிற ஸ்டிக்கருக்குப் பக்கத்தில் ஒரு பூமாலை தொங்கவிட்டு, நாலு சில்லுக்கும் நாலு தேசிக்காய் வைத்தேன். வீதி கூட்டுகிற ஆபிரிக்கப் பொடியன் தும்புத்தடியை நிறுத்திவிட்டு, "இன்று உங்கள் வாகனத்துக்குக் கல்யாணமா?" என்று பிரெஞ்சில் கேட்டான். "இல்லை, விடுதலை" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். வான் முன்னால் ஏறித் தேசிக்காய் நசிந்தது, தேங்காய் உடைந்தது, கொஞ்சம் லட்டும் பகிர்ந்தோம். அப்போதுதான் நீ வேலை முடிந்து அந்தப் பக்கமாக வந்தாய்.

நீ வந்ததைக் கண்டுகொண்டுதான் சொன்னேன். காணாமல் சொன்னேன் என்று எழுதினால் அது அடுத்த பொய். பதினைந்து பேருக்கு முன்னால், "தம்பி, உன்ர வேலை முடிஞ்சுதாம். நாளையிலையிருந்து வந்து என்னோடை பெட்டி இறக்கு" என்றேன். மயில்கூடச் சிரிக்கவில்லை. யாரோ உன் கையில் வைத்த லட்டை வானின் முன்மூடியில் மெதுவாக வைத்துவிட்டு மெத்ரோப் படியேறிப் போனாய். இரண்டு கிழமையில் லியோன் கிளைக்கு மாற்றம் கேட்டாய். அந்த லட்டு அன்று வெயிலில் உருகி முன்மூடியில் ஒட்டிக்கொண்டது. கழுவியும் ஒரு தடம் கிடக்கிறது.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, குங்குமம்கூட அழியாத வானோடு நான் பாரிஸுக்குள் ராசாபோல நுழைந்தேன். வில்லெற் பக்கத்தில் பொலிஸ்காரி மறித்தாள். நான் அந்தச் சட்டத்தை எடுத்தாயிற்று என்றேன். அவள் சிரித்துவிட்டு, "மெசியே, வாக்களித்தது உண்மை. ஆனால் அது இன்னும் சட்டமாகவில்லை. இன்னும் பல படி இருக்கிறது. அதுவரை பழைய விதிதான்" என்றாள். அபராதம் எழுதவில்லை, எச்சரித்து அனுப்பினாள். குங்குமத்தைப் பார்த்து, வானுக்குக் காயமா என்று கேட்டாள். வீட்டுக்கு வந்து உன் தங்கையிடம் கேட்டேன். அவள் தன் பள்ளிப் புத்தகத்தை விரித்து, ஒரு சபை, இன்னொரு சபை, பிறகு இரண்டும் சேர்ந்து ஒரு குழு, பிறகும் ஒரு வாக்கெடுப்பு, அதற்கு மேல் ஒரு மன்றம் என்று படம் கீறிக் காட்டினாள். தேங்காய் உடைத்ததற்கு நான் இத்தனை படி காத்திருக்கவேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

இனித்தான் அந்த இடம் வருகிறது. பிள்ளை, தண்ணி கொஞ்சம் தா.

பூசை செய்த அந்தக் கிழமைதான் உன் தொசியே சம்பந்தமாக ஒரு கடிதம் வந்தது. உன் தங்கை வாசித்தாள். எல்லாம் சரி, ஒரு தாளில் மட்டும் உரிமையாளரின் கையெழுத்துக் குறைகிறது, இரண்டு மாதத்துக்குள் வைத்து அனுப்பவும் என்று இருந்தது. "இனி உது என்னத்துக்கு?" என்று சொல்லி, கோயில் கலண்டர்களும் கல்யாண அழைப்புக் காட்டுகளும் கிடக்கிற மேசை லாச்சிக்குள் போட்டேன். பொலிஸ்காரி மறித்த பிறகு அதை எடுத்து வைத்திருக்கலாம். எடுக்கவில்லை. எடுத்தால், நான் உன்னைப் பதினைந்து பேருக்கு முன் கேலி செய்தது பிழை என்று ஒத்துக்கொண்டதாகிவிடும். ஒரு கையெழுத்து, தம்பி. ஒரு கல்யாணவீட்டு மொய்க் கவரில் பெயர் எழுதுகிற நேரம்கூட ஆகாது. நினைவூட்டி இரண்டாவது கடிதம் வந்தது. அதுவும் லாச்சிக்குள். மூன்றாவது கடிதத்தில், பதில் வராதபடியால் தொசியேயை மூடிவிட்டோம் என்று எழுதியிருந்தார்கள். அந்தக் கிழமை நீ லியோனில் இருந்து தொலைபேசி எடுத்தாய். கோபத்தை மறைத்துக்கொண்டு, "அப்பா, அந்த விசயம் என்ன மாதிரி?" என்று கேட்டாய். நான், "இல்லையெண்டு வந்திட்டுது" என்றேன்.

நீ "சரியப்பா" என்றாய். உடனே நம்பிவிட்டாய். இந்த அரசு முந்தி ஒன்றும் பிந்தி ஒன்றும் சொல்லுகிற அரசு என்பதால் நான் சொன்ன பொய் அதற்குப் பொருந்தியது. என் பிழையை ஒரு நாட்டின் தலையில் கட்டினேன், அந்த நாடும் அதற்கு இடம் கொடுத்தது. அவர்கள் உன் படிவத்தை மறுக்கவில்லை. நீ நிரப்பியதில் ஒரு எழுத்துப் பிழையில்லை. நான்தான் கையெழுத்து வைக்கவில்லை.

(அண்ணா, மூன்று கடிதத்தையும் வாசித்தது நான். எனக்கும் தெரியும். "அண்ணாவுக்குச் சொல்லாதை, அவனுக்கு வேலையிலை கரைச்சல்" என்று அப்பா சொன்னார், நானும் அதை நல்ல காரணம் என்று நம்ப முயன்றேன். மூன்றாவது கடிதத்தைப் பல தடவை வாசித்தேன். எந்த இடத்திலும் மறுப்பு என்று இல்லை. வகுப்பில் நேர்மை பற்றி நான் எழுதிய கட்டுரைக்கு அதே மாதம் நல்ல புள்ளி கிடைத்தது. அதை வீட்டில் காட்டவில்லை.)

கை முறிந்த பிறகு என் வேலை நின்றுவிடும் என்று நினைத்தேன். மயில் ஒரு மின்சார வானைக் கிழமைக் கணக்கில் வாடகைக்கு எடுத்துவந்து நின்றான். தான் ஓட்டுவதாகவும், எந்த வியாபாரியிடம் எது நல்லது என்று தெரிந்த நான் பக்கத்தில் இருந்தால் போதும் என்றும் சொன்னான். வேண்டாவெறுப்பாக ஏறினேன். முதல்நாள் வாசல் தாண்டமுதலே நான் அவனிடம் தக்காளி விலை பற்றிச் சொல்லத் தொடங்கினேன். அவன் திரும்பிப் பார்த்து, "அண்ணை, ஏன் கத்துறியள்? எனக்குக் காது நல்லாக் கேக்கும்" என்றான். அப்போதுதான் கவனித்தேன். இயந்திரச் சத்தமே இல்லை. பின்னால் முருங்கைக்காய்கள் ஒன்றோடொன்று உரசுவது கேட்டது. பழைய வானின் இரைச்சலுக்கு மேலால் பேசிப் பேசி, பதினேழு வருடமாக நான் கத்தித்தான் பேசியிருக்கிறேன். வீட்டிலும் அப்படித்தான் பேசியிருக்கவேண்டும். "அப்பா ஏன் எல்லாத்துக்கும் ஏசுறார்?" என்று நீ சின்ன வயதில் அம்மாவிடம் கேட்பாய். நான் ஏசவில்லை தம்பி. வீட்டிலும் பாதி நாள் நான் வானுக்குள்ளேயே இருந்திருக்கிறேன்.

எல்லாம் சுகம் என்றும் எழுதமாட்டேன். மொத்தச் சந்தையிலிருந்து திரும்பிய குளிர் நாள் ஒன்றில் மின்கலம் குறையக் குறைய மயில் பயந்துபோய் வானின் வெப்பமூட்டியை நிறுத்திவிட்டான். இரண்டு பேரும் குல்லாயும் கையுறையும் போட்டுக்கொண்டு மீன் பெட்டிக்குள் இருப்பதுபோல லா சப்பல்வரை வந்தோம். "அண்ணை, உங்கடை மகன் இந்தப் பகுதியைச் சொல்லவே இல்லை" என்றான். சொல்லியிருப்பான், நான் கிரிக்கெட் பார்த்திருப்பேன் என்றேன். ஆனாலும் காலை பத்து மணிக்கு, ஒருவரும் மறிக்காமல், கடை திறந்த பிறகு, ஆட்கள் நிற்கும்போது சரக்கு இறக்கியது நன்றாக இருந்தது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு ஒரு கீரை வாங்க வந்த மனிசியிடம் சுகம் கேட்டேன்.

பக்கத்து இருக்கையில் சும்மா இருக்கிறவனுக்கு யோசிக்க நேரம் கிடைக்கும். மயிலின் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நேரான வீதியில்கூட ஸ்டியரிங் ஓரிடத்தில் நிற்பதில்லை; கொஞ்சம் இடம், கொஞ்சம் வலம், திரும்பக் கொஞ்சம் இடம். கைகளை மட்டும் பார்ப்பவனுக்கு இவன் எங்கே போகிறான் என்றே தெரியாது. இந்த நாட்டை நான் அப்படித்தான் பார்த்திருக்கிறேன். டீசலை மலிவாக்கினார்கள், பிறகு எரிபொருள் வரியைக் கூட்டினார்கள், சனம் மஞ்சள் அங்கியோடு சந்திகளில் நின்றதும் நிறுத்தினார்கள். அணு உலைகளைக் குறைப்போம் என்றார்கள், இப்போது புதிதாகக் கட்டுவோம் என்கிறார்கள். வலயம் போட்டார்கள், அதை எடுக்க வாக்களித்தார்கள். உதவி தந்தார்கள், நிறுத்தினார்கள், பெயர் மாற்றித் திரும்பத் தந்தார்கள். கடல் கடந்த பெரிய நாடுகளும் கையெழுத்து வைப்பதும் எடுப்பதுமாக இருப்பதை உன் தங்கை வாசித்துக் காட்டுவாள். நான் கைகளை மட்டும் பார்த்து ஏசிக்கொண்டிருந்தேன். வண்டி போகிற பக்கத்தைப் பார்க்கவில்லை.

(நான் சொன்னேன்: "அப்பா, கொஞ்சம் இடம் வலம் போறது வேறை. முழுக்கத் திரும்பி வந்த வழியே போறது வேறை. சில வேளை அவை அதைத்தான் செய்யினம்." அப்பா யோசித்துவிட்டு, "ஓம், அதுவும் சரி. அதையும் எழுது" என்றார். மயில் மாமா கடையில் இருந்து எட்டிப்பார்த்து, "திரும்பினாலும் ரோட்டு அங்கைதானே கிடக்கு" என்றார்.)

திரும்பினாலும் சில விஷயங்கள் திரும்புவதில்லை என்பதை நான் கண்ணால் கண்டேன். வீதி ஓரத்தில் நட்ட மின்னேற்றக் கம்பங்களை ஒருவரும் பிடுங்கவில்லை. சைக்கிள் பாதைக்குப் போட்ட கல்லை ஒருவரும் கிளப்பவில்லை. சத்தமில்லாத வானில் மூன்று கிழமை இருந்த மயில், "பழையதைத் திருப்பித் தந்தாலும் வேண்டாம்" என்கிறான். கம்பத்தை நட்டவன் ஒருவன் இருந்தான். என்னைப்போலப் பிடிவாதக்காரன் ஒருவனுக்கு முன்னால் நாலு ஞாயிற்றுக்கிழமை இருந்து படிவம் நிரப்பியவன் ஒருவன் இருந்தான். மேலே இருப்பவர்கள் மனம் மாறும்போதும் கீழே மிஞ்சியிருப்பது அப்படி ஆட்கள் செய்து முடித்தவைதான்.

போன கிழமை நான் உனக்குத் தெரியாமல் ஒன்று செய்தேன். லாச்சியைக் கிண்டி உன் பழைய கடதாசிகளை எடுத்துக்கொண்டு, உன் தங்கையையும் கூட்டிக்கொண்டு, பாரிஸில் உன்னுடைய மாதிரியான ஒரு அலுவலகத்துக்குப் போனேன். அங்கே உன் வயதுப் பெண் ஒருத்தி. பழைய உதவி முடிந்துவிட்டதாம், வேறு பெயரில் வேறொன்று இருக்கிறதாம், அது எவ்வளவு காலத்துக்கு என்று தனக்கே தெரியாதாம். தன்னுடைய வேலையும் வசந்த காலத்தோடு முடியலாம் என்றாள். "பிறகு ஏன் இவ்வளவு கவனமாகச் செய்கிறாய்?" என்று கேட்டேன். உன் தங்கை என் காலை மிதித்தாள். அந்தப் பெண் கோபிக்கவில்லை. "வசந்தம்வரை நாள் இருக்கிறதே" என்றாள். பிறகு என் கடதாசிகளைப் புரட்டிப் பார்த்தாள். ஒவ்வொன்றுக்கும் மேல் நீ பென்சிலால் போட்ட இலக்கங்கள், ஓரத்தில் சின்னக் குறிப்புகள். "இப்படி ஒழுங்காக ஒருவரும் கொண்டுவருவதில்லை, யார் செய்து தந்தது?" என்று கேட்டாள். "என்ர மகன்" என்று தமிழில் சொல்லிவிட்டேன். உன் தங்கை மொழிபெயர்த்தாள். உன் வேலையை வெளி ஆள் ஒருவர் முன்னால் நான் என் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை.

இந்தக் கடிதத்தை லா சப்பல் கடைகளில் இலவசமாக வைக்கிற மாதப் பத்திரிகைக்கும் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். உனக்குக் கூச்சமாக இருக்கும். எனக்கு இன்னும் கூச்சம். ஆனால் உன்னைக் கேலி செய்தது ஆட்களுக்கு முன்னால், ஒத்துக்கொள்வது மட்டும் இரகசியமாக என்றால் அது கணக்கில்லை. பெயர் போடவேண்டாம் என்றேன். போடாவிட்டாலும் லா சப்பலில் எல்லாருக்கும் தெரியும், எந்த வான் என்று.

வெள்ளிக்கிழமை என்ன செய்வதென்பது உன் முடிவு. கையைப் பிடித்து நிறுத்தமாட்டேன், ஒரு கைதான் இருக்கிறது. களைத்துப்போனால் விடு. அதைவிட நல்ல வேலை கிடைத்தால் விடு. இந்த நாட்டோடு உனக்கு முடிந்துவிட்டது என்றால் அதையும் விளங்கிக்கொள்கிறேன், நானும் ஒரு நாட்டை விட்டு வந்தவன். ஆனால் என் தொசியேக்காக விடாதே. அதை ஒருவரும் தள்ளிவிடவில்லை.

கடைசியாக ஒரு வேலை இருக்கிறது. புதுப் படிவத்தை அனுப்பினோம். நேற்றுப் பதில் வந்தது. நான் இடது கையால் வைத்த கையெழுத்து அடையாள அட்டையில் இருப்பதோடு பொருந்தவில்லையாம், திங்கட்கிழமைக்குள் சரிசெய்யட்டாம். உன் தங்கை வைத்தியரின் கடிதம் வைத்தால் போதும் என்கிறாள். மயில், உன் அம்மாவுக்கு எனக்காகக் கையெழுத்து வைக்க அதிகாரம் கொடுக்கலாம் என்கிறான். அந்தப் பெண்ணிடம் போய்க் கேட்கலாம். நான் கேட்கவில்லை. இந்த வேலை தெரிந்த ஆள் எங்கள் வீட்டில் ஒருவன் இருக்கும்போது வெளியில் ஏன் கேட்கவேண்டும்? எது செல்லும் என்று நீ சொல்லு. நீ சொல்லுகிறபடி செய்கிறேன். இந்தமுறை என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துவிட்டுத்தான் வைப்பேன்.

(அண்ணா, அப்பா சொல்லி முடித்துவிட்டார். முழுவதையும் அவருக்கு வாசித்துக் காட்டினேன். லாச்சி வருகிற இடத்தில், "அதை வெட்டு" என்றார். மயில் மாமா கல்லாவில் இருந்தபடி, "அண்ணை, அதை வெட்டினால் மிச்சம் என்ன கிடக்கு? மரக்கறி விலைதான்" என்றார். அப்பா கட்டுப் போட்ட கையால் தாளைத் திரும்ப என் பக்கம் தள்ளினார். "சரி, கிடக்கட்டும்" என்றார். தபாலில் போட்டால் வெள்ளிக்கிழமைக்குள் வருமோ தெரியாது என்று சொன்னேன். பக்கங்களைப் படம் எடுத்து இப்போதே உனக்கு அனுப்பச் சொன்னார், தாளையும் நாளைக்குத் தபாலில் போடச் சொன்னார். "அவன் போன் எடுத்தால் என்னட்டைத் தா, நான் மெதுவாக் கதைக்கிறன்" என்றார். மயில் மாமா முன்கதவை இழுத்துவிட்டார். மிச்சத்தை வீட்டில் எழுதலாம் என்று பார்த்தால் எழுத மிச்சம் ஒன்றும் இல்லை. கடை விளக்குகளையும் அணைத்துவிட்டார்.)